எதிர் வீட்டு வெள்ளிக்கிழமை

வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

பேசிக்கொண்டிருந்தேன் என்பது பெரிய வார்த்தை. 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் எனக்கு நிச்சயம் ஆகியிருந்த மாப்பிள்ளை. மெட்ராஸில் தான் சாப்பிடும் மெஸ்ஸில் வத்தக்குழம்பு என்ற பெயரில் என்னத்தை ஊற்றுகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது உலகத்திலேயே முக்கியமான செய்தியாகத் தோன்றியது. அந்த வயசு அப்படி.

போன் எங்கள் வீட்டுப் போன் இல்லை. எதிர் வீட்டு மைமூன் மதினியுடையது. மதினியின் கணவர் சாகுல் அண்ணாச்சி சவூதியில் வேலை பார்த்தார். அவரோடு ஒரே கேம்ப்பில் இருந்துவிட்டு லீவில் வந்த பத்தமடைக்காரர்தான் இப்போது வந்தவர். கையில் நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி.

பெட்டியைப் பிரித்ததும் கூடம் முழுக்க சென்ட் வாசனையும் சோப்பு வாசனையும் ஏறிக்கொண்டது. பால்பவுடர் டின், பூப்போட்ட கம்பளி, மதினியின் மகள் ஜமீலாவுக்கு ஒரு ஜரிகை கவுன். அண்ணாச்சியின் உம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கீழே வைத்தார். நான் போனை வைக்கப் போனேன். "பேசட்டும், தங்கச்சி பேசட்டும்" என்று வந்தவர் மரியாதையாகக் கையமர்த்தினார். நானும் ஆகா என்று தொடர்ந்தேன்.

தண்ணீர் குடித்துவிட்டு அவர் தொண்டையைச் செருமினார்.

"உம்மா, தப்பா நெனச்சுக்கிடக் கூடாது. சாகுல் ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னான்."

"கேளு வாப்பா."

"கொஞ்ச நாளா வெள்ளிக்கிழமை போன் போட்டா எங்கேஜு, எங்கேஜுன்னே வருதாம். எத்தன தடவ போட்டாலும் எங்கேஜு. அந்நேரத்துக்கு நம்ம வீட்டு போன்ல யாரு, யாருகிட்ட பேசுதாகன்னு கேட்டுட்டு வரச் சொன்னான்."

கேட்டது மாமியாரிடம். ஆனால் கேள்வி மருமகளுக்கு என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் விளங்கியது. மைமூன் மதினி சுவரோரம் நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ரிசீவர் என் காதில் இருந்தது. வத்தக்குழம்பு இன்னும் முடியவில்லை.

பி.பி.

போன வாரம் பள்ளிக்கூடக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "டீச்சர், உங்க கல்யாணக் கதையையும் எழுதுங்களேன், ஜாலியா இருக்கும்" என்று எழுதியிருந்தார். இந்தாருங்கள் அம்மா. ஜாலியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் அப்போது போன் உள்ள வீடு அபூர்வம். அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க். தாத்தா காலத்தில் ஆற்றுப் பாசன வயல் நிறைய இருந்ததாம். வயல் போய்விட்டது, வயல்காரர் வீட்டு விறைப்பு மட்டும் போகவில்லை. போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தோம். சாகுல் அண்ணாச்சி சபர் போன, அதாவது பிழைக்க வெளிநாடு போன கையோடு, எதிர் வீட்டுக்கு எப்படியோ போன் வந்துவிட்டது. வெளுத்த பச்சை நிறம். மதினி அதற்குப் பூப்பின்னல் போட்டு ஓர் உறை தைத்திருந்தாள்.

போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, அதன் அருகில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்கிற வழக்கம் அன்று ஊரெங்கும் இருந்தது. என் நிச்சயதார்த்தப் பத்திரிகையிலும் மதினி வீட்டு நம்பர்தான் அப்படி அச்சாகியிருந்தது. அவளிடம் கேட்டோமா என்றால், கேட்டோம். அச்சடித்த பத்திரிகையைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டோம்.

"இதப் போயி கேக்கணுமாக்கும்? நல்ல காரியத்துக்கு ஒதவாத போன் என்னத்துக்கு?" என்றாள் மதினி.

பி.பி. போனுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கூப்பிட்டால் ஓடிப் போய் ஆளைக் கூட்டிவர வேண்டும். வந்தவர் கூச்சமில்லாமல் பேசட்டும் என்று அடுப்படியில் வேலை இருப்பது போல உள்ளே போய்விட வேண்டும். பேசி முடித்ததும், "காப்பி குடிச்சிட்டுப் போயேன்" என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடியாது என்று ஒருநாளும் சொல்லிவிடக் கூடாது. மதினி ஒரு சட்டத்தையும் மீறவில்லை. பேசுகிறவருக்கு என்ன சட்டம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சொல்லின் உத்தியோகங்கள்

நான் எம்.ஏ. இங்கிலீஷ். ஊரிலேயே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் தற்காலிக டீச்சர். அந்த வருஷம் ஒரே ஓர் இங்கிலீஷ் சொல் விதவிதமான சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. எங்கேஜ்.

ஒரு டீச்சர் வராவிட்டால் ஹெச்.எம். என்னைக் கூப்பிடுவார். "கோமதி, செவன்த் பி-யில ஆள் இல்ல, போயி எங்கேஜ் பண்ணும்மா." பாடம் நடத்த வேண்டாம், கூரை பறந்து போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அர்த்தம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஆட்டோவைக் கை காட்டினால், உள்ளே ஈ காக்கை இருக்காது, "எங்கேஜு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். செங்கோட்டை ரயிலில் கக்கூஸ் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு கோபக் குரலும் அதையேதான் சொல்லும்.

என் மாப்பிள்ளைக்கு அது மெஷின் சொல். மெட்ராஸுக்கு வெளியே ஒரு கம்பெனியில் மெஷின்களைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. "ஒரு கியரோட பல்லு இன்னொரு கியருக்குள்ள சரியாப் போயி உக்காரணும். அப்பத்தான் எங்கேஜ் ஆச்சுன்னு அர்த்தம்" என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க விளக்கினார். நான் வெட்கப்பட்டுச் சிவந்து போனேன். காதல் வசனம் என்று நினைத்துக்கொண்டேன். மனுஷர் நிஜமாகவே கியரைப் பற்றித்தான் பேசினார் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.

அவர் பெயரை எழுத மாட்டேன். எத்தனை படித்தும் அந்த ஒரு பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

எங்கள் அம்மா காலத்தில் அது நிச்சயதாம்பூலம். வெற்றிலைத் தட்டை மாற்றினால் முடிந்தது. எங்கள் காலத்தில்தான் அது எங்கேஜ்மென்ட் ஆனது. மோதிரம் வந்தது, வீடியோக்காரர் வந்தார். அம்மாவுக்கு அந்தச் சொல்லின் மேல் அப்படியொரு பெருமை. ஆற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "கோமதிக்கு எங்கேச்சுமென்டு ஆயிட்டுல்லா" என்பாள்.

கல்லூரியில் ஒரு தடித்த அகராதியில் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லின் வேர் ஈடு வைப்பதில் இருக்கிறதாம். ஒரு வாக்குக்காக ஒரு பொருளைப் பிடித்து வைப்பது. படிக்கும்போது சிரிப்பு வந்தது. என் எங்கேஜ்மென்ட்டுக்கு எதை ஈடு வைத்தோம், அது யாருடையது என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கில்லை.

பத்தரை மணி இருமல்

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது எங்கள் வீட்டுப் பெரியவர்கள்.

நிச்சயம் முடிந்ததும், "மாப்பிள்ள பொண்ணுகிட்ட போன்ல பேசலாமா?" என்று அவர்கள் வீட்டிலிருந்து கேட்டார்கள். தென்காசிப் பக்கத்துச் சைவக் குடும்பம். கேட்டதே பெரிய விஷயம். அம்மா உடனே, "நல்ல பேச்சு பேசுததுன்னா வெள்ளிக்கிழமைதான் பேசணும்" என்றாள். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு ஒரு திருத்தம் போட்டார். "பத்தரைக்கு ராகு காலம் பொறக்கு. அதுக்குள்ள பேச்ச முடிச்சிரணும்."

மாப்பிள்ளைக்கும் அது வசதியாகப் போயிற்று. அவர் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆனாலும் மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருக்க வேண்டும். இவர் வலியப் போய் அந்த ஒருத்தராகிவிட்டார். மேனேஜர் அறையில் போன் சும்மா கிடந்தது. கம்பெனிச் செலவில் எஸ்.டி.டி. அதனால்தான் வத்தக்குழம்பு அவ்வளவு நீளமாக ஓடியது.

கோடை விடுமுறை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு எதிர் வீட்டு போன் அடிக்கும். ஜமீலா தெருவைத் தாண்டி ஓடிவந்து, "அக்கா, ஒங்களுக்கு!" என்று கத்துவாள். நான் ஏற்கெனவே தலை வாரிப் பூ வைத்துத் தயாராக இருப்பேன். போன் வழியே பூ தெரியுமா என்று கேட்காதீர்கள். பத்தரை நெருங்கும்போது அப்பா எங்கள் வாசலில் நின்று பலமாக இருமுவார். அதுதான் எனக்கு மணி. அந்த இருமலுக்கு முன் ஒருநாளும் நான் ரிசீவரைக் கீழே வைத்ததில்லை.

நான் போகும்போதெல்லாம் எதிர் வீட்டுக் கூடத்தில் ஒரு காட்சி இருக்கும். ஜமீலா இஸ்திரி போட்ட கவுன் போட்டு, பவுடர் பூசி, போன் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மதினியும் குளித்துவிட்டு நல்ல சேலை கட்டியிருப்பாள். உம்மா ஜெபமாலை போன்ற அந்தத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கட்டிலில் இருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் மதினி ஜமீலாவின் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா நாள், அதனால் நல்ல துணி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு சௌகரியமான நினைப்பு, பாருங்கள்.

சவூதியிலும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பது எனக்குத் தெரியும். ஜெனரல் நாலெட்ஜ் வினாடி வினாவில் பிள்ளைகளிடம் நானே கேட்டிருக்கிறேன்.

ரிப்பேரான போன்

மறுபடி அந்தக் கூடத்துக்கு வருகிறேன்.

பத்தமடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே மிச்சத்தையும் சொன்னார். "எங்க கேம்ப்பு பாலைவனத்துக்குள்ள கெடக்கு, உம்மா. வெள்ளிக்கிழமை காலம்பற மட்டும் வண்டி டவுனுக்குக் கூட்டிட்டுப் போவும். அங்கன போன் போட ஒரே கூட்டம். வரிசையில நின்னு நின்னு அவன் மொற வரும். போட்டா எங்கேஜு. பின்னால நிக்கவன் சத்தம் போடுவான். மறுபடி கடைசியில போயி நிப்பான். அதுக்குள்ள வண்டிக்காரன் ஆரன அடிச்சிருவான்." அவர் குரல் இறங்கியது. "கூட இருக்க பயலுவ வேற கேலி பண்ணுதானுவ. வீட்டுக்காரிக்குப் பேச ஒன்னய விட்டா வேற ஆளா இல்லன்னு. அவன் சரியா ஒறங்கியே நாளாச்சு."

எங்கள் தெருவில் கைகாரி, வாயாடி என்று பெயரெடுத்தவள் மைமூன் மதினி. அவள் பெட்டியில் கட்டியிருந்த நைலான் கயிற்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். கழுத்துப் பக்கம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

காதில் மாப்பிள்ளை, "ஹலோ, இருக்கியா?" என்கிறார். இருக்கேன் என்று எப்படிச் சொல்வேன்? அந்த வீட்டில் அந்த நேரத்தில் நான் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

உம்மாதான் முதலில் பேசினார்.

"போன் ரிப்பேரு வாப்பா. காத்துக்கு லைன் கோளாறாயிப் போச்சு. அவன்ட்ட சொல்லு, வேற ஒண்ணுமில்லன்னு."

ரிப்பேரான போனில் நான் பேசிக்கொண்டிருந்ததை வந்தவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு பார்வையைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு, "சரி உம்மா, சொல்லுதேன்" என்றார்.

நான் ரிசீவரை மேஜை மேல் வைத்தேன். கூறுகெட்டவள், போன் மேல் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்தேன். அதிலிருந்து மாப்பிள்ளையின் குரல் "ஹலோ, ஹலோ" என்று கூடம் முழுக்கக் கேட்டது. மதினி நடந்து வந்து, அதை எடுத்து, பைய அதன் இடத்தில் வைத்தாள். உறையையும் போட்டு மூடினாள்.

"காப்பி குடிச்சிட்டுப் போயேன், கோமதி" என்றாள்.

முந்திரிக்கொத்து

வீட்டில் வந்து அழுதேன். விஷயத்தைக் கேட்ட அம்மா முதலில் அதிர்ந்தாள். அப்புறம் கோபப்பட்டாள். "நமக்கு என்னட்டி தெரியும்? அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிம்மா சொல்லுவாக? ஒங்க மவ கல்யாணப் பேச்ச நிறுத்துங்கன்னா சொல்லுவாக?"

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார். "ஆம்பள இல்லாத வீடு, நான் போயி என்னத்தச் சொல்ல?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுத்தவருக்கெல்லாம் விளக்கம் எழுதித் தரும் ஹெட்கிளார்க்குக்கு எதிர் வீட்டுக்குச் சொல்ல ஒரு விளக்கம் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பிப் போனை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு இரண்டு பேருமே பயந்தார்கள். "பேச வேண்டாம்னு பொண்ணு வீட்டுல இருந்து சொன்னா அவுக என்னன்னு நெனப்பாக? சம்பந்தம் கொழம்பிப் போவும்" என்றார் அப்பா. மைமூன் மதினியின் குடித்தனம் குழம்புவதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் அதற்கு மேல் திறக்கவில்லை. எனக்கும் அந்தச் சம்பந்தம் வேண்டியிருந்தது. அதுதான் உண்மை.

கடைசியில் அம்மா கண்ட வழி, முந்திரிக்கொத்து. பாசிப்பயறு வறுத்து, பாகு காய்ச்சி, ஒரு தூக்கு நிறையச் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். என்னைப் போகச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். செய்த காரியத்துக்குப் பலகாரமா என்று கத்தினேன். பால்காரம்மாள் கையில் போயிற்று அந்தத் தூக்கு. மறுநாளே திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதென்று மதினி அதில் சீனி போட்டு அனுப்பியிருந்தாள்.

அந்தச் சீனியில் போட்ட காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை

பயந்துவிட வேண்டாம், யார் குடியும் முழுகவில்லை. சாகுல் அண்ணாச்சி அடுத்த வருஷம் லீவில் வந்தார். மதினியோடும் ஜமீலாவோடும் பாபநாசம் அணை பார்க்கப் போனார். எனக்கும் கல்யாணம் நடந்தது, பந்தியில் மதினிதான் அம்மாவுக்குச் சமமாக நின்று கவனித்தாள். இதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது அந்த ஒரு காலை நேரத்தைப் பற்றி.

பள்ளிக்கூடம் திறக்க இருந்த வாரம். மலைப் பக்கமிருந்து சாரல் காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. ஒன்பது மணிக்கே நான் எதிர் வீட்டுக்குக் கிளம்பினேன். தலையில் பூ இல்லை.

"ஏட்டி, அங்கன இருந்து கூப்பிடாம போவியாக்கும்?" என்றாள் அம்மா.

"கூப்பிடுததுக்கு முன்னால போணும்மா" என்றேன்.

ஜமீலா புது ஜரிகை கவுனில் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். மதினி என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மன்னிச்சிருங்க மதினி என்று சொல்லத்தான் போனேன். "அண்ணாச்சி போன் வாற வரைக்கும் இங்கன இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கென்ன, இரி" என்றாள். என் வளையலைத் தொட்டு, "புதுசா?" என்று கேட்டாள்.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. ஜமீலா பாய்ந்து எடுத்து, "வாப்பா!" என்றாள். அந்த முகம் அப்படியே வாடியது. "அக்கா, ஒங்களுக்கு."

மதினி, அந்த நிலையிலும், அடுப்படிக்குப் போக எழுந்தாள். நான் ரிசீவரை வாங்கினேன்.

"இன்னைக்குப் பேச வேண்டாம். வைங்க."

"ஏன், மேலுக்குச் சுகமில்லையா?"

"வைங்கன்னா வைங்க." நானே அமுக்கிவிட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அவர் சொல்லிக்காட்டுவது அந்த 'வைங்க'வைத்தான்.

பிறகு காத்திருந்தோம். காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. உம்மா மணி உருட்டிக்கொண்டிருந்தார். எதிர் வாசலில் அப்பாவின் இருமல் கேட்டது. பத்தரை ஆகிவிட்டது. எங்கள் நல்ல நேரம் முடிந்தது.

அன்றைக்கு அவர்கள் வண்டி டவுனுக்குப் பிந்தித்தான் வந்ததோ என்னவோ, அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போன் அடித்தது.

மதினி எடுத்தாள். "ஹலோ" என்றாள். அவ்வளவுதான், அவள் முகம் மாறிப் போயிற்று. சின்னப் பெண்ணின் முகம் போல ஆனது. "ம்… நான்தான்… நல்லா இருக்கோம்…" மறுமுனை என்னவோ கேட்டது. மதினியின் குரல் தடுமாறியது. "இல்ல, அது வந்து… லைன்… ஜமீலா ரிசீவரச் சரியா வைக்காம…"

பக்கத்தில் நின்ற குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். செய்யாத தப்பைத் தன் தலையில் அம்மா வைக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. மதினி என் பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. கல்யாணம் நிச்சயமான பெண் வாராவாரம் மணிக்கணக்காகப் பேசினாள் என்ற பேச்சு வெளியே போய்விடக் கூடாது என்று, என்னைத்தான் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அவள் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினேன்.

"அண்ணாச்சி, நான் எதிர் வீட்டு கோமதி பேசுதேன். மதினி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பேசிக்கிட்டிருந்தேன். எல்லா வெள்ளிக்கிழமையும் நான்தான்."

நிறுத்தியிருக்கலாம். அது போதும். ஆனால் டீச்சர் இல்லையா, முழுப் பாடமும் நடத்தினேன். எனக்கு நிச்சயம் ஆனது, தென்காசி மாப்பிள்ளை, அவர் கம்பெனி லீவு, அம்மா சொன்ன வெள்ளிக்கிழமை, அப்பா பார்த்த ராகு காலம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல என் பாரம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுமுனையில் கடல் இரைகிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு சாகுல் அண்ணாச்சியின் குரல். சின்னதாகச் சிரித்தார். அழுத மாதிரியும் இருந்தது.

"நம்ம கோமதியா… அட, அப்படியா தாயி… நான் கோட்டிக்காரன், என்னென்னமோ நெனச்சிட்டேன்… கல்யாணம் எப்பம்?"

"ஆவணியில அண்ணாச்சி."

"நல்லா இருப்ப தாயி. நல்லா இரி. சரி, அவகிட்டக் குடும்மா, பின்னால ஆளு சத்தம் போடுதான்…"

ரிசீவரை மதினியின் கையில் கொடுத்தேன். அவள் அவசரமாக வாங்கிக் காதில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. ரிசீவரிலிருந்து டுக், டுக், டுக் என்ற சத்தம் எனக்கே கேட்டது. வரிசையில் பின்னால் நின்றவனின் முறை வந்துவிட்டது.

மதினி போனை வைக்கவில்லை. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். ஜமீலா அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "நான் பேசணும், நான் பேசணும்" என்றாள்.

"என்ன சொன்னாக?" என்று மதினி என்னைக் கேட்டாள்.

"ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக, மதினி" என்றேன்.